சர்ஃப் போர்டில் உடைப்பு: ரெசினைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் யாரோ பயன்படுத்திய சர்ஃப் போர்டு ஒன்றை வாங்கி, காரின் மேல் கட்டி ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார். தனுஷ்கோடிப் பக்கம் எடுத்துப்போய் அலையிலும் இறக்கிவிட்டார். இப்போது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓடு உடைந்து உள்ளே வெள்ளை நுரை தெரிகிறதாம். அடிப்பக்கத்தில் மயிரிழை விரிசல் ஒன்று. மேலே குதிகால் அழுத்தின பள்ளங்கள். தொண்டியில் ஃபைபர் படகு வேலை செய்யும் ஒருவர், "கொண்டு வாங்க, ரெண்டு மணி நேரத்துல ஒட்டித் தந்துடுறேன்" என்கிறாராம். அவரிடம் கொடுக்கலாமா, வீட்டில் இருக்கும் எம்-சீலே போதுமா, இல்லை சென்னைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டுமா என்பது கேள்வி.

தம்பி, வீட்டிலேயே செய்யலாம். நீங்கள் சொல்லும் மூன்று சேதங்களில் ஒன்றுகூட சென்னைக்கு அனுப்பும் அளவுக்கு இல்லை. ஆனால் தொண்டிக்குக் கிளம்பும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்: உங்கள் போர்டின் உள்ளே இருப்பது எந்த நுரை? அது தெரியாமல் படகு ரெசினை, அதாவது ஊற்றியதும் கல்லாக இறுகும் அந்தப் பிசினை, ஊற்றினால், உள்ளங்கை அளவு ஓட்டை ஒரு முழ அளவுக் குழியாகிவிடும்.

சர்ஃப் போர்டு என்பது நுரைக்கட்டை ஒன்றின் மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, ரெசின் ஊற்றி இறுக வைத்த பொருள். நடுவில் நீளவாக்கில் ஒரு மரப்பட்டை போகும். அதை ஸ்ட்ரிங்கர் என்பார்கள். துணி பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 135 கிராம் அல்லது 200 கிராம் எடையுள்ளது. மேல்பக்கம் இரண்டு அடுக்கு, அடிப்பக்கம் ஓர் அடுக்கு என்பது வழக்கமான கட்டு. பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் துணியும் ரெசினும் சேர்ந்த இந்த ஓட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. படகு ஓடு இதைவிடப் பல மடங்கு கனம். படகுக்காரரின் கைக்கும் போர்டுக்காரரின் கைக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

நுரையில் இரண்டு சாதி. ஒன்று பாலியூரித்தேன், சுருக்கமாக பி.யு. இன்னொன்று ஈ.பி.எஸ்., அதாவது நம் ஊரில் டிவி பெட்டிக்குள் வரும் அதே தெர்மாகோல், கொஞ்சம் அடர்த்தி கூடியது. பி.யு. போர்டுக்கு பாலியெஸ்டர் ரெசின், தெர்மாகோல் போர்டுக்கு எப்பாக்ஸி ரெசின் என்பது பொதுவான ஜோடி. பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற கரைப்பான் இருக்கிறது. அது தெர்மாகோலைத் தொட்ட இடத்தில் கரைத்துவிடும். எப்பாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது.

பழைய போர்டு வாங்கும்போது இரண்டும் கலந்து கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் கிளார்க் ஃபோம் என்ற நிறுவனம் பல ஆண்டுகள் பி.யு. நுரைக்கட்டைகளை ஏறக்குறைய தனியாட்சியாக விற்றுவந்தது. 2005 டிசம்பர் 5 அன்று திடீரென்று கடையை மூடிவிட்டது. போர்டு செய்பவர்கள் நுரைக்கு அலைந்தார்கள். அதன்பிறகு ஈ.பி.எஸ்.ஸும் எப்பாக்ஸியும் சந்தையில் வேகமாகப் பரவின. ஆகவே கைமாறி வந்த போர்டு எந்த வகை என்று நிறத்தையோ கம்பெனிப் பெயரையோ மட்டும் பார்த்து ஊகிக்க முடியாது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உடைந்த இடத்துக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். சிறு மணி மணியாக உருண்டைகள் ஒட்டியிருந்தால் தெர்மாகோல். மணி எதுவும் தெரியாமல் ஒரே சீராக, நகத்தால் சுரண்டினால் நைஸ் பொடியாக உதிர்ந்தால் பி.யு. அது வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பு மஞ்சளாகவும் மாறியிருக்கும். சந்தேகம் தீரவில்லையா? உள்ளிருந்து கடுகளவு நுரையைக் கிள்ளி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, மேலே ஒரு சொட்டு அசிட்டோன் விடுங்கள். சுருங்கிப் பிசினாகிவிட்டால் தெர்மாகோல். அப்படியே கிடந்தால் பி.யு. நகப்பூச்சு அழிக்கும் திரவத்திலும் இதைச் செய்யலாம், ஆனால் அதில் அசிட்டோன் இருக்கிறதா என்று பாட்டிலில் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனையைக் கிண்ணத்தில் செய்யுங்கள், போர்டின் மேல் வேண்டாம்.

மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. சர்ஃப் பள்ளிகளில் புதியவர்களுக்குத் தரும் மெத்தென்ற மேல்தோல் கொண்ட போர்டு. அந்தத் தோலில் ரெசின் ஒட்டவே ஒட்டாது. நான் இங்கே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது. உங்களுடையது ஓடு உடைந்தது என்பதால் கடினமான போர்டுதான்.

தெர்மாகோல் என்று தெரிந்தால் தொண்டிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, உங்ககிட்ட எப்பாக்ஸி இருக்கா?" இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பி.யு. என்றால் அவருடைய பாலியெஸ்டர் ரெசின் பொருந்தும். ஆனாலும் அவர் வழக்கமாகப் போடும் மேட் வேண்டாம். துண்டு துண்டான இழைகளை நெய்யாமல் பரப்பியிருக்கும் அந்த மேட் ரெசினை நிறையக் குடித்து போர்டை ஒரு பக்கம் கனக்க வைத்துவிடும். எப்பாக்ஸியோடு அது சரியாக நனைவதும் இல்லை, ஏனென்றால் அந்த இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது. நமக்கு வேண்டியது நெய்த துணி, 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அல்லது அதற்கும் மெல்லியது. மதுரை, திருச்சியில் ஃபைபர் கிளாஸ் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் மீட்டர் கணக்கில் தருவார்கள்.

எந்த நுரை என்று எப்படியும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால் எப்பாக்ஸியையே வாங்குங்கள். எப்பாக்ஸி இரண்டு நுரைக்கும் சேரும், பழைய பாலியெஸ்டர் ஓட்டின் மேலும் நன்றாகப் பிடிக்கும். அதற்கு நேர்மாறாக, எப்பாக்ஸி ஓட்டின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. விலை கூடுதல்தான். ஆனால் வீட்டுக்குள் வேலை செய்பவருக்கு ஸ்டைரீன் நெடி இல்லாததே பெரிய நிம்மதி.

எம்-சீல் விஷயம். அது எப்பாக்ஸி மாவு, அதனால் தெர்மாகோலைக் கரைக்காது. கடற்கரையில் போர்டில் சிறு ஓட்டை விழுந்து அன்றைக்கு மட்டும் தண்ணீர் புகாமல் இருக்க வேண்டும் என்றால், நன்றாகத் துடைத்துவிட்டு ஓர் உருண்டை வைத்து அடைக்கலாம். உள்ளங்கை அளவுக்கு அது ஆகாது. கனம் அதிகம், உள்ளே இழை இல்லை. போர்டு அலையில் வளைந்து கொடுக்கும்போது இது வளையாமல் ஓரத்தில் பிரிந்து நிற்கும். ஃபெவிக்விக்கைக் கொண்டு நுரையின் பக்கமே போகாதீர்கள், அது தெர்மாகோலை அரிக்கும். டிங்கரிங் பட்டறையில் காருக்குப் போடும் பட்டியும் பாலியெஸ்டர் வகைதான். தெர்மாகோலைக் கரைக்கும். பி.யு. போர்டில் போட்டாலும் அதிலுள்ள மாக்கல் பொடி நாளாக நாளாக ஈரத்தை இழுக்கும். காருக்கு நல்ல பொருள், கடல்நீரில் ஊறும் பலகைக்கு நல்லதில்லை.

சரி, நுரை தெரிந்துவிட்டது, பொருளும் வாங்கியாகிவிட்டது. இனிமேல்தான் பலர் அவசரப்பட்டுக் கெடுக்கும் கட்டம் வருகிறது. உடைந்த போர்டைக் கடலில் இறக்கியிருக்கிறீர்கள். உள்ளே உப்புத்தண்ணீர் போயிருக்கிறது. அதன்மேல் ரெசின் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். வெயில் ஏறும்போது அது ஆவியாகி மேல் ஓட்டையே நுரையிலிருந்து தூக்கிவிடும். அப்புறம் உள்ளங்கை அளவு வேலை போய், பலகை முழுக்க ஓடு கழன்ற வேலையாகிவிடும். நம் செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்த்த பெரியவர்களைக் கேட்டால் தெரியும், அடிப்பூச்சு பதம் வராமல் மேல்பூச்சைத் தொடமாட்டார்கள். இங்கேயும் அதே பொறுமைதான் வேலையின் முக்கால் பங்கு.

காயவைக்கும் முறை இது. உடைப்பில் தொங்கும் ஓட்டுச் சில்லுகளைக் கூர்மையான பேப்பர் கட்டரால் வெட்டி எடுத்துவிடுங்கள். ஊறிப்போய் அழுத்தினால் நசநசவென்று இருக்கும் நுரையையும் சுரண்டி எடுங்கள். அப்புறம் உடைப்பு கீழே பார்க்கும்படி போர்டைச் சாய்த்து நிறுத்துங்கள், தண்ணீர் தானாக வடியட்டும். இடம் முக்கியம். முற்றத்து வெயிலில் போடாதீர்கள். காரைக்குடி சித்திரை வெயிலில் போர்டின் மேற்பரப்பு கை வைக்க முடியாமல் சுடும். நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து ஓட்டைத் தள்ளும், தெர்மாகோல் சூட்டில் சுருங்கவும் செய்யும். முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம்தான் சரியான இடம். நிழலும் காற்றோட்டமும் ஒன்றாகக் கிடைக்கும். ஒரு டேபிள் ஃபேனை உடைப்பு நோக்கி வைத்தால் இன்னும் நல்லது. ஹேர் டிரையர், ஹீட் கன் இரண்டும் வேண்டாம்.

இந்த விஷயத்தில் கடலோரத்தைவிட நம் ஊர் மேல். கோவளத்தில் காற்றே ஈரமாக இருக்கும். இங்கே மாசி முதல் ஆடி வரை பகல் காற்று துணியை ஒரு மணி நேரத்தில் உலர்த்திவிடுகிறது. பி.யு. நுரை லேசாக நனைந்திருந்தால் சில நாட்களில் காய்ந்துவிடும். தெர்மாகோல் மணிகளின் இடுக்கில் போன தண்ணீர் வெளியே வர வாரக்கணக்கில்கூட ஆகலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் என்றால் வேலையைத் தள்ளிப்போடுங்கள் என்றே சொல்வேன்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒளி ஊடுருவும் பாலிதீன் துண்டு ஒன்றை உடைப்பின் மேல் வைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டி, சற்று வெதுவெதுப்பான இடத்தில் சில மணி நேரம் விடுங்கள். உள்பக்கம் பனித்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த நேரம் கழிந்த பிறகும் பாலிதீன் தெளிவாகவே இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அடுத்து மெழுகு. நிற்கும்போது கால் வழுக்காமல் இருக்கத் தேய்த்த மெழுகு போர்டின் மேல் நிறைய இருக்கும். ரெசினுக்கு அதுதான் முதல் எதிரி. போர்டைச் சில நிமிடம் மட்டும் வெயிலில் காட்டி, மெழுகு இளகியதும் பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்தெடுத்துவிடுங்கள். மிச்சத்தைத் துணியில் அசிட்டோன் தொட்டுத் துடைக்கலாம், ஓட்டின் மேல் மட்டும். தெர்மாகோல் போர்டு என்றால் உடைப்புக்குப் பக்கத்தில் அசிட்டோன் வேண்டாம், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். மண்ணெண்ணெயால் துடைக்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு நின்றுவிடும்.

பிறகு உடைப்பைச் சுற்றி மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்கு 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பளபளப்பு முழுக்கப் போய் வெளுத்துத் தெரிய வேண்டும். மினுமினுப்பு மிஞ்சிய இடத்தில் ரெசின் வெறுமனே படுத்திருக்கும், பிடிக்காது. தேய்க்கிற விளிம்பு உடைப்பை நோக்கிச் சரிவாக இறங்கினால் புதுத்துணியும் பழைய ஓடும் ஒரே மட்டத்தில் சேரும். தேய்த்த எல்லைக்கு வெளியே மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள்.

கண்ணாடி இழைத் தூசி பற்றி நான் கண்டிப்பாகப் பேசுகிறேன். அது தோலில் அரிக்கும், நுரையீரலுக்கு ஆகாது. என்-95 முகக்கவசம், முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி மூன்றும் வேண்டும். வீட்டுக்குள் சிறு பிள்ளைகள் இருந்தால் தேய்க்கும் வேலையைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோங்கள். ரெசின் வேலையைத் தாழ்வாரத்தில் செய்வதாக இருந்தால் தரையில் தார்ப்பாய் விரித்து அதன்மேல் பழைய செய்தித்தாளைப் போடுங்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் செய்தது. அதில் ரெசின் ஒரு சொட்டு விழுந்து ஊறினால் பின்னால் எடுக்கவே முடியாது, சுரண்டினால் பூவேலையும் சேர்ந்து போகும். அசிட்டோன், ரெசின் எதுவும் அடுப்படிக்கு அருகில் இருக்கக் கூடாது.

இப்போது ரெசின் கலப்பது. பாலியெஸ்டருக்கும் எப்பாக்ஸிக்கும் கணக்கு வேறு வேறு. பாலியெஸ்டரில், அதை இறுக வைக்கும் திரவமான கேட்டலிஸ்ட் 100 கிராம் ரெசினுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம். வெயில் காலத்தில் ஒன்றை ஒட்டியே நில்லுங்கள். கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் மெதுவாக இறுகும். எப்பாக்ஸியில் அந்த விளையாட்டு நடக்காது. டப்பாவில் எழுதியிருக்கும் விகிதம்தான் விகிதம். எப்பாக்ஸியை இறுக வைக்கும் ஹார்டனரைக் கூட்டினால் வேகம் வராது, இறுகாத பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். உதாரணத்துக்கு, இங்கே கடைகளில் அதிகம் கிடைக்கும் எல்.ஒய். 556 ரெசினுக்கு எச்.ஒய். 951 ஹார்டனர் எடைக்கணக்கில் 100க்கு 10. கண்ணளவு வேண்டாம். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் பாதிக் கவலை தீரும்.

படகுக் கடையில் பாலியெஸ்டர் வாங்கினால் மூன்று பொருள் தருவார்கள்: ரெசின், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட். இதை மட்டும் மறக்காதீர்கள் தம்பி: ஆக்சிலரேட்டரும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட்டை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மூடியையோ ஒரே குச்சியையோ பயன்படுத்தாதீர்கள், இரண்டு பாட்டிலையும் ஒரே பைக்குள்ளும் வைக்காதீர்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம். தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடையில் ஆக்சிலரேட்டர் ஏற்கெனவே கலந்த ரெசின் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

எப்போது கலப்பது என்பதும் பெரிய விஷயம். ரெசின் சூட்டில் வேகமாக இறுகும். பத்து டிகிரி கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். குளிர்ந்த ஊரில் அரை மணி நேரம் தரும் கலவை இங்கே மே மாத மதியத்தில் கையிலேயே கெட்டியாகிவிடும். காலையில் தொடங்கலாம் என்று தோன்றும், ஆனால் காலையில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும், நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து ஈர ரெசின் வழியாகக் குமிழ் குமிழாக வெளியே வரும். மாலை நான்கு ஐந்து மணிக்கு மேல், சூடு இறங்கத் தொடங்கிய பிறகு செய்தால் நுரை ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். போர்டு அன்று முழுக்க நிழலில் இருந்திருக்க வேண்டும். ரெசினை உயரமான டம்ளரில் கலந்து வைக்காதீர்கள். குவிந்து இருக்கும்போது தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்துவிடும். கலந்ததும் அகலமான தட்டில் பரப்பிக்கொண்டால் நேரம் நீளும். ஒரே தடவையில் ஐம்பது கிராமுக்கு மேல் கலக்க இந்த வேலைக்குத் தேவை வராது.

குழியை வெறும் ரெசினால் நிரப்பக் கூடாது. கனமாகும், நொறுங்கும், ஆழமாக ஊற்றினால் அந்தச் சூடே நுரையைத் தின்னும். மைக்ரோ பலூன் என்ற வெற்றுக் கண்ணாடி மணிப்பொடியை ரெசினில் கலந்து தயிர் பதத்துக்கும் கெட்டியாக, சரித்தால் வழியாத அளவில் குழைத்து, மெல்லிய தகட்டால் அப்புங்கள். குழி ஒரு விரல் கணுவுக்கு மேல் ஆழம் என்றால் அதே வகை நுரைத்துண்டைச் செதுக்கி உள்ளே பொருத்தி, இடுக்கை மட்டும் இந்தக் கலவையால் அடையுங்கள். டிவி பெட்டித் தெர்மாகோல் தளர்ந்தது, அடர்த்தியான துண்டு கிடைத்தால் நல்லது. ஸ்பிரே நுரையை அடித்து நிரப்பச் சொல்பவர்கள் உண்டு. அது ஒரே சீராக நிரம்புவதில்லை என்பதால் நான் சிபாரிசு செய்வதில்லை.

நிரப்பியது இறுகியபின், சுற்றியுள்ள ஓட்டைவிட மயிரிழை தாழ்ந்திருக்கும்படி தேய்த்து இறக்குங்கள். மேலே வரும் துணியின் கனத்துக்கு அந்த இடம் வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒட்டுப் போட்ட இடம் வீங்கித் தெரியும். சமப்படுத்தலாம் என்று பின்னால் தேய்க்கும்போது துணியையே அறுத்துவிடுவோம்.

துணி இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். முதல் துண்டு உடைப்பைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் பெரிது, இரண்டாவது அதைவிட ஒரு சென்டிமீட்டர் பெரிது. மூலைகளை வட்டமாக வெட்டினால் பிசிறு எழும்பாது. இடத்தில் மெல்லியதாக ரெசின் தடவி, துணியை வைத்து, மேலிருந்து இன்னும் கொஞ்சம் ரெசின் விட்டு, பிளாஸ்டிக் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். துணி நனைந்ததும் வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரி ஆகும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே ரெசின் போகவில்லை. பளபளவென்று குளம் கட்டியிருந்தால் அதிகம், வழித்தெடுங்கள். துணியின் எடையும் ரெசினின் எடையும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் சரியான அளவு.

உங்கள் உடைப்பு ஓரத்தில் இருப்பதால் ஒரு சிக்கல் கூடுதல். ஓரம் வளைவானது, துணி மடியும், ரெசின் கீழே வழியும். துணியின் விளிம்பில் இரண்டு மூன்று இடத்தில் கத்தரித்துவிட்டால் வளைவுக்கு ஏற்பப் படியும். போர்டை ஓரம் மேலே பார்க்கும்படி பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக்கொடுங்கள். பிறகு ஓ.ஹெச்.பி. ஷீட் என்ற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளையோ கெட்டியான பாலிதீனையோ மேலே இழுத்துப் போர்த்தி, இரண்டு ஓரத்திலும் டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். வளைவு தானாக அமைந்துவிடும், குமிழை விரலால் தள்ளி வெளியேற்றலாம். பாலியெஸ்டர் என்றால் இன்னொரு லாபமும் உண்டு. காற்றுப் பட்டால் அதன் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும், ஷீட்டின் அடியில் அந்தத் தொல்லை இல்லை.

மயிரிழை விரிசலுக்கு இவ்வளவு வேண்டாம். ஆனால் விட்டுவிடவும் கூடாது, தண்ணீர் போக அதுவே போதும். விரிசலைச் சுற்றித் தேய்த்து, காய்ந்திருப்பதை உறுதி செய்து, ஒரே ஓர் அடுக்குத் துணி போட்டால் முடிந்தது. வெயிலில் இறுகும் ரெசின் ட்யூப் சர்ஃப் கடைகளில் விற்கிறது. இந்த மாதிரி சின்ன வேலைக்கு நம் ஊர் வெயிலில் அது அருமையாக வேலை செய்யும். நிழலில் தடவி, ஷீட்டால் மூடி, சமமாக்கிவிட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தால் சில நிமிடத்தில் கல்லாகிவிடும். அதிலும் பாலியெஸ்டர் வகை, எப்பாக்ஸி வகை என்று இரண்டு உண்டு, உங்கள் நுரைக்கு ஏற்றதைக் கேட்டு வாங்குங்கள். கனமாகத் தடவினால் அடியில் வெளிச்சம் போகாமல் இறுகாது.

குதிகால் பள்ளங்களைத் தொடவே தொடாதீர்கள். ஓடு விரியாமல் வெறுமனே அமுங்கியிருந்தால் அது சேதமே இல்லை. நின்று பழகிய எல்லா போர்டிலும் அது இருக்கும். நகத்தை ஓட்டிப் பாருங்கள், விரிசல் தட்டுப்பட்டால் மட்டும் மேலே சொன்ன மாதிரி மூடலாம்.

மறுநாள் ஷீட்டை உரித்துவிட்டு, மெல்லியதாக ஒரு கை ரெசின் மேல்பூச்சு கொடுங்கள். துணியின் நெசவு தெரியாமல் மூட வேண்டும், அவ்வளவுதான். பாலியெஸ்டரில் இந்த மேல்பூச்சுக்கு மெழுகுக் கரைசல் கலந்த ரெசின் வாங்க வேண்டும், இல்லையென்றால் தேய்க்கும்போது உப்புத்தாளில் அப்பிக்கொள்ளும். எப்பாக்ஸி என்றால் ஈரக்காற்றில் மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் வரும். அடுத்த பூச்சுக்கு முன் அதைத் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

தேய்ப்பது 120இல் தொடங்கி 220, 400 என்று ஏறி, கடைசியில் 600ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும். தாளை மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளமாகும். ஓரத்து வளைவுக்கு மட்டும் பழைய ரப்பர் செருப்புத் துண்டு நன்றாக உதவும். நெசவு தெரியத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நிறம் பொருந்தவில்லை, ஒட்டு தெரிகிறது என்று கவலைப்படாதீர்கள். தண்ணீர் புகாமல் இருந்தால் அது நல்ல ஒட்டு.

மீந்துபோன ரெசினை அப்படியே குப்பையில் போடாதீர்கள். இறுகும்போது சூடாகிப் பக்கத்துக் காகிதத்தைப் பற்றவைக்கும். வெட்டவெளியில் மணல்மேல் வைத்து, முழுக்க இறுகி ஆறிய பிறகு எறியுங்கள். கேட்டலிஸ்ட் துடைத்த துணியைத் தண்ணீரில் நனைத்துத் தனியாக வையுங்கள்.

இதே போர்டில் நாளைக்கு ஃபின் பெட்டி (அடிப்பக்கத்துத் துடுப்பைச் செருகும் இடம்) பிடுங்கிக்கொண்டு வந்தாலோ, நடு மரப்பட்டை முறிந்தாலோ, மேல் ஓடு ஒரு சாண் நீளத்துக்குக் கழன்று அழுத்தினால் டப்டப் என்று சத்தம் வந்தாலோ அதை வீட்டில் செய்யாதீர்கள். அப்போது கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ அனுப்பும் செலவு நியாயமானது. அலையின் முழு அடியையும் வாங்கும் இடங்கள் அவை.

ஒட்டி முடித்ததும் பாலியெஸ்டர் என்றால் குறைந்தது ஒரு முழு நாள், எப்பாக்ஸி என்றால் நான்கைந்து நாள் நிழலில் விடுங்கள். தொட்டால் கல்லாக இருக்கிறதே என்று அன்றைக்கே கிளம்ப வேண்டாம், உள்ளே இறுகுவது தொடர்ந்து நடக்கும். முதல் தடவை ஊருணியிலோ தோட்டத்துத் தொட்டியிலோ ஒட்டு முங்கும்படி பத்து நிமிடம் அமுக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒட்டின் விளிம்பிலிருந்து குமிழ் வரிசையாக வந்தால் காற்று வெளியேறும் வழி இருக்கிறது, தண்ணீர் உள்ளே போகவும் அதே வழிதான். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, காயவைத்து, அங்கே மட்டும் தேய்த்து இன்னொரு பூச்சு கொடுங்கள். குமிழ் வரவில்லை என்றால் தனுஷ்கோடிக்கு எடுத்துப் போகலாம்.